குண்டு வெடிக்காத போர்ப் படம்

கேள்வி: நண்பர் சொன்னாரே என்று ‘கிரீன் டிராகன்’ பார்த்தேன். வியட்நாம் போர், பேட்ரிக் ஸ்வேஸி வேறு இருக்கிறார் என்று ஆசையாக உட்கார்ந்தால், படம் முழுக்க அகதிகள் முகாமிலேயே கிடக்கிறார்கள். இதெல்லாம் போர்ப் படமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: அப்படிக் கிடப்பதுதான் படமே. 1975 ஏப்ரல் 30-ல் சைகோன் விழுந்தது, தப்பி வந்தவர்களில் சுமார் 50,000 பேர் கலிபோர்னியாவில் பெண்டில்டன் ராணுவத் தளத்தில் போட்ட கூடாரங்கள் வழியாகத்தான் அமெரிக்காவுக்குள் போனார்கள், அதுவும் பெரும்பாலும் ஏதாவது ஒரு குடும்பமோ தேவாலயமோ ‘இவர்களுக்கு நாங்கள் பொறுப்பு’ என்று கையெழுத்துப் போட்டால்தான். அதுவரை சாப்பாட்டு வரிசை, பெயர்ப் பட்டியல், தொலைந்தவர்களைப் பற்றிய விசாரிப்பு. அம்மாவைத் தேடும் பையனும் அவன் மொழி தெரியாத சமையல்காரரும் படம் வரைந்தே சிநேகமாகிறார்கள் பாருங்கள், எனக்கு அது போதும். சமையல்காரராக வரும் ஃபாரஸ்ட் விட்டேகர் அதில் பேசுவதே குறைவு.

அந்தப் பையனின் மாமாவாக வரும் டான் டுவோங் கதை இன்னும் கொடுமை. வியட்நாமில் பேர் பெற்ற நடிகர். இந்தப் படத்திலும் இன்னொரு ஹாலிவுட் படத்திலும் நடித்ததற்காக 2002-ல் சொந்த ஊரில் துரோகிப் பட்டம் கட்டினார்கள், மறு வருஷம் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கே குடிபோனார். அகதியாக நடிக்கப் போனவருக்கு வந்த கதியைப் பாருங்கள்.

சரி, திருமங்கலத்துக்காரர் நீங்களே இப்படிக் கேட்கலாமா? உச்சப்பட்டி ஈழ அகதிகள் முகாம் உங்கள் பக்கம்தானே இருக்கிறது! பெண்டில்டன் அந்த வருஷத்துக்குள்ளேயே காலியாகிவிட்டது. இங்கே முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்தாயிற்று, இன்னும் அதிகாரிகள் ஆளெண்ணிப் பார்க்கும் தணிக்கை நாளென்றால் வேலையை விட்டுவிட்டு வந்து தலையைக் காட்ட வேண்டியிருக்கிறது. அதிலும் துப்பாக்கிச் சத்தம் கிடையாது.

கேள்வி: ஈழ அகதிகள் பற்றி அப்படியொரு படம் உண்டா?
– வாசகி, ஆனையூர்

பதில்: 2015-ல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப் பனை வாங்கிய ‘தீபன்’ பாருங்கள். பிரெஞ்சு இயக்குநர் படம்தான், ஆனால் பேச்சு பெரும்பாலும் தமிழ். முன்பின் தெரியாத மூன்று பேர் அடைக்கலத்துக்காகக் குடும்பமாக நடித்துப் பாரிஸ் போகிறார்கள், அந்தச் சிறுமி பள்ளிக்கூடத்தில் தடுமாறுவதும் இவர்கள் வீட்டுக்குள்ளேயே ஒருவரையொருவர் நம்பாமல் திரிவதும் அசல். அப்புறம் கடைசியில் அரிவாளும் துப்பாக்கியுமாக நம்ம ஊர் கிளைமாக்ஸ் மாதிரி ஆக்கிவிட்டார்கள். இடைவேளையோடு எழுந்து வந்துவிடுங்கள் என்று சொல்லலாம், பிரெஞ்சுப் படத்தில் இடைவேளை ஏது!