ஹக் சொல்வதை நம்பாதே, செய்வதைப் பார்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக 'ஹக்கிள்பெரி ஃபின்' ஆங்கிலப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். ஐந்து அத்தியாயம் படித்துவிட்டு, "எல்லாம் ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா இருக்கும்மா" என்று மூடி வைத்துவிட்டான். நானும் புரட்டிப் பார்த்தேன். இலக்கணம் மருந்துக்கும் இல்லை. கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் ஒரு வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இதைப் போய் உலக இலக்கியம் என்கிறார்களே! பையனிடம் கொடுக்கலாமா? சுருக்கப் பதிப்பு வாங்கித் தரட்டுமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அச்சகத்தின் மேல் பழி போடாதீர்கள். அவ்வளவும் வேண்டுமென்றே செய்தது. கதை சொல்பவன் ஹக், 13, 14 வயதுப் பையன், ஊரறிந்த குடிகாரனின் மகன், பள்ளிக்கூடத்தைச் சில மாதம் எட்டிப் பார்த்தவன். அவன் பேசுகிறபடியே மார்க் ட்வெய்ன் எழுதியிருக்கிறார். முன்பக்கத்தில் ஒரு குறிப்பும் உண்டு. மிசூரிக் கறுப்பர்களின் பேச்சு, காட்டுப்புறத்துப் பேச்சு, பைக் கவுன்ட்டிப் பேச்சு, அதிலேயே நான்கு திரிபுகள் என்று ஏழு வழக்குகளில் எழுதியிருப்பதாகச் சொல்லிவிட்டு, 'இதைச் சொல்லாவிட்டால் பாத்திரங்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேச முயன்று தோற்றுப்போனதாக வாசகர்கள் நினைத்துக்கொள்வார்கள்' என்று குறும்பாக முடிக்கிறார். உங்கள் முகச்சுளிப்பும் புதிதல்ல. அமெரிக்காவில் இந்த நாவல் வெளியான 1885லேயே, மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்ட் நூலகம் இதைக் கொச்சையான புத்தகம் என்று ஒதுக்கிவிட்டது.

கொங்குப் பேச்சில் எழுதிய கதையை வாய்விட்டுப் படித்தால்தான் ருசிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். கண்ணால் படித்தால் கல் தடுக்கும், காதில் விழுந்தால் ஓடும். ஜிம் பேசும் இடங்கள்தான் கடினம். அதற்கு இரண்டு மூன்று சாவிகள் போதும்: 'தட்', 'தே' எல்லாம் அவன் வாயில் 'டட்', 'டே' ஆகும், 'க்வைன்' என்று வந்தால் அது 'கோயிங்', 'என்' என்பது பெரும்பாலும் 'அண்ட்'. ஒரு வாரம் நீங்கள் உரக்கப் படியுங்கள், பையன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கட்டும். காப்புரிமை எப்போதோ தீர்ந்த நூல் என்பதால் லிப்ரிவாக்ஸ் தளத்தில் ஒலிப்பதிவும் இலவசமாகவே கிடைக்கிறது.

அவன் நிறுத்தியிருக்கும் இடம்தான் வயிற்றெரிச்சல். இன்னும் இரண்டே அத்தியாயம் போயிருந்தால் புத்தகத்தைக் கீழே வைத்திருக்க மாட்டான். தொடக்க அத்தியாயங்கள், 1876இல் வந்த 'டாம் சாயர்' கதையின் வால். அதைப் படிக்காத பிள்ளைகளுக்கு அங்கே சலிப்புத் தட்டும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள். 'ஹக்கும் டாமும் கொள்ளையர் புதையலைக் கண்டுபிடித்து ஆளுக்கு 6,000 டாலர் வைத்திருக்கிறார்கள், அந்தப் பணத்துக்காகத்தான் அப்பன் வந்து நிற்கிறான்' என்று சொல்லிவிட்டு ஆறு, ஏழாம் அத்தியாயங்களை ஒரே மூச்சில் படித்துக் காட்டுங்கள்.

அப்பன் ஹக்கைக் காட்டுக்குள் ஒரு மரக்குடிசையில் பூட்டி வைக்கிறான். ஹக் துருப்பிடித்த ரம்பம் ஒன்றைக் கண்டெடுத்து, சுவரில் தொங்கும் குதிரைப் போர்வைக்குப் பின்னால் அடிக்கட்டையை அறுத்து வெளியேறுகிறான். வெறுமனே ஓடினால் தேடி வருவார்கள். அதனால் தன்னையே கொலை செய்துகொள்கிறான்! கோடரியால் கதவைப் பிளக்கிறான். காட்டுப்பன்றியைச் சுட்டு வந்து அதன் ரத்தத்தை மண்தரையில் ஊறவிடுகிறான். சாக்கில் கல்லை நிரப்பி ஆறுவரை இழுத்துப் போய்த் தண்ணீரில் போடுகிறான், பிணத்தை இழுத்த தடம் தயார். தன் தலைமுடியைப் பிய்த்து ரத்தக் கோடரியில் ஒட்டுகிறான். அப்புறம் சோளமாவு மூட்டையில் ஓட்டை போட்டு, எதிர்த்திசையில் இருக்கும் ஏரிவரை மாவு சிந்த நடக்கிறான். பிணத்தை ஆற்றில் தேடுவார்கள், கொலைகாரனை ஏரிப்பக்கம் தேடுவார்கள், உயிரோடிருக்கும் ஹக்கை எவனும் தேட மாட்டான் என்பது கணக்கு. மறுநாள் படகில் வந்து பீரங்கி வெடிக்கிறார்கள், பிணம் மேலே வருமாம். பாதரசம் வைத்த ரொட்டிகளையும் மிதக்கவிடுகிறார்கள், அது பிணம் கிடக்கும் இடத்தில் போய் நிற்குமாம். அதில் ஒரு ரொட்டி ஹக் ஒளிந்திருக்கும் தீவுப் பக்கம் வருகிறது. பாதரசத்தை உதறிவிட்டுத் தின்றுவிடுகிறான். எட்டாம் வகுப்புப் பையனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அதே தீவில்தான் ஜிம் வருகிறான். ஹக்கின் ஊர்க்காரி மிஸ் வாட்சனின் அடிமை. 800 டாலருக்குத் தன்னை நியூ ஆர்லியன்ஸ் பக்கம் விற்கப் போவதை ஒட்டுக்கேட்டு ஓடிவந்தவன். இங்கே உங்கள் மகன் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பான்: அக்கரையில் இல்லினாய், அடிமைமுறை இல்லாத மாநிலம், அங்கே ஏறாமல் எதற்காகத் தெற்கே அடிமை நாட்டுக்குள் மிதக்கிறார்கள்? இல்லினாயில் விடுதலைப் பத்திரம் கையில் இல்லாத கறுப்பரை ஓடிவந்தவராகவே கருதிப் பிடிப்பார்கள். தப்பியவரை எந்த மாநிலத்திலும் பிடித்துக்கொண்டு போக எஜமானுக்கு 1793ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை கொடுத்திருந்தது. போதாததற்கு ஜிம் தலைக்கு 300 டாலர் பரிசு. ஆகவே மிசிசிப்பி ஆற்றில் இரவில் மட்டும் தெப்பம் விட்டு, ஒஹாயோ ஆறு வந்து கலக்கும் கெய்ரோ என்ற ஊரில் தெப்பத்தை விற்று, நீராவிக் கப்பலில் ஒஹாயோ வழியே மேலே, அடிமைமுறை இல்லாத மாநிலங்களுக்குள் போவது திட்டம். நீரோட்டம் மணிக்கு நான்கு மைலுக்குச் சற்று மேல், ஓர் இரவில் ஏழெட்டு மணி நேரம் என்று ஹக்கே சொல்கிறான். ஒரு வரைபடத்தை விரித்து, இரவுக்கு 30 மைல் என்று பையனையே குறித்துவரச் சொல்லுங்கள். மூடுபனியில் கெய்ரோவைத் தவறவிடுவது எவ்வளவு பெரிய இடி என்று அப்போது உறைக்கும். விடிந்ததும் கரையோரம் ஒஹாயோவின் தெளிந்த நீர், அப்பால் மிசிசிப்பியின் கலங்கல். தாண்டிவிட்டோம் என்பதைத் தண்ணீரின் நிறமே சொல்லிவிடுகிறது.

இனி உங்கள் முக்கியமான தயக்கத்துக்கு வருகிறேன். அந்த இழிசொல் 200 தடவைக்கு மேல் வருகிறது. அதை எடுத்துவிட்டு 'அடிமை' என்று போட்ட ஒரு பதிப்பு 2011இல் வந்தது. அது வேண்டாம் என்பதே என் கருத்து. ஹக்கை வளர்த்த ஊர் எப்படிப்பட்டது என்பதற்கு அந்தச் சொல்தான் சாட்சி. உரக்கப் படிக்கும்போது மட்டும் அதை உச்சரிக்காமல் தாண்டுங்கள். அது காறித் துப்பும் சொல், நம் வாயில் வரக் கூடாது என்று தொடங்கும் முன்பே பையனிடம் சொல்லிவிடுங்கள். கூடவே இன்னொன்றும் சொல்லுங்கள்: ஹக் சொல்வதை நம்பாதே, செய்வதைப் பார்.

அதற்கு நான்கு இடங்கள் உண்டு. பத்தாம் அத்தியாயத்தில் ஹக் விளையாட்டாகச் செத்த பாம்பைப் படுக்கையில் வைக்க, அதன் ஜோடி வந்து ஜிம்மைக் கடிக்கிறது. நான்கு நாள் படுத்த படுக்கை. ஹக் பாம்புகளைப் புதரில் வீசித் தன் தப்பை மறைக்கிறான். பதினைந்தில் மறுபடி ஒரு பொய் விளையாட்டு. ஜிம் மனம் நொந்து பேசிவிட்டுப் போனதும், ஒரு கறுப்பனிடம் போய்த் தாழ்ந்து நிற்க மனசு வரக் கால் மணி நேரம் ஆயிற்று என்கிறான் ஹக். ஆனால் போய் மன்னிப்புக் கேட்கிறான். பதினாறில் காட்டிக்கொடுக்கவே படகில் கிளம்புகிறான். எதிரே துப்பாக்கியோடு வந்தவர்கள் "தெப்பத்தில் இருப்பவன் வெள்ளையனா கறுப்பனா?" என்று கேட்டதும், வெள்ளையன் என்றுவிடுகிறான். அம்மை நோய் கண்டிருப்பதாக அவர்களை எண்ணவைத்து விரட்டியும் விடுகிறான். அதன்பின் தான் பாவம் செய்துவிட்டதாக வருந்துகிறான் பாருங்கள்! முப்பத்தொன்றில், ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லி மிஸ் வாட்சனுக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்து, 'சரி, நரகத்துக்கே போகிறேன்' என்கிறான். அவனுக்குச் சட்டம், தேவாலயம், ஊர் எல்லாம் கற்பித்தது ஒன்று, மனசு செய்வது வேறு. இது பிடிபட்டால் பதின்மூன்று வயதுக்குப் பெரிய பாடம்தான். பிடிபடாவிட்டால் விட்டுவிடுங்கள், சில வருஷம் கழித்துத் தானே திரும்ப எடுப்பான்.

சுருக்கப் பதிப்பு வாங்காதீர்கள். சிறுவர் பதிப்புகளில் ஓட்டம் மிஞ்சும், இந்தத் தடுமாற்றம்தான் முதலில் வெட்டுப்படும். கடையில் முன்பக்கக் குறிப்பு இருக்கிறதா, 43 அத்தியாயம் இருக்கிறதா என்று பாருங்கள். கெம்பிள் வரைந்த பழைய ஓவியங்கள் இருந்தால் இன்னும் நல்லது. பதினாறாம் அத்தியாயத்தில் தெப்பக்காரர்கள் சண்டை ஒன்று சில பதிப்புகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. ட்வெய்ன் அதை முன்பே வேறொரு நூலில் வெளியிட்டு இதில் எடுத்துவிட்டார். இல்லையென்றால் பக்கம் கிழிந்துபோனதாகப் பதற வேண்டாம்.

கடைசிப் பகுதியில், பிடிபட்டு அடைபட்டிருக்கும் ஜிம்மை டாம் வந்து மீட்பதாகச் செய்யும் கூத்து, எலி, பாம்பு, பலகாரத்துக்குள் கயிற்று ஏணி என்று இழுக்கும். கட்டில் காலைத் தூக்கினாலே சங்கிலி கழன்றுவிடும், அது டாமுக்கும் தெரியும். ஜிம் திருடப்படும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள் என்று எழுத்தாளர் ஹெமிங்வே எழுதினார். அப்படி நிறுத்தினால் 42ஆம் அத்தியாயம் போய்விடும். குண்டடிபட்ட டாமுக்காக ஜிம் தன் விடுதலையையே விட்டுக்கொடுத்து வைத்தியருக்கு உதவ வருவது அதில்தான். 35 முதல் 39 வரை வேகமாகத் தள்ளிவிட்டு, 40இலிருந்து நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கென்று ஒன்று: இதே கதையை ஜிம் வாயால் சொல்லும் 'ஜேம்ஸ்' என்ற நாவலைப் பெர்சிவல் எவரெட் 2024இல் எழுதினார். அடுத்த ஆண்டே அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. வன்முறை அதிகம், பையனுக்கு இப்போது வேண்டாம். அவன் ஹக்கை முடிக்கும் நேரத்துக்கு நீங்கள் இதை முடித்து வைத்திருங்கள், பேசுவதற்கு நிறைய இருக்கும்.