மறுகாலா, உடைப்பா? மழைக்கு முன் பேசி வையுங்கள்

கேள்வி: மதுரை செல்லூரில் குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளராக இருக்கிறேன். மழைக்காலத்தில் எங்கள் தன்னார்வலர்களும் காவல், தீயணைப்பு, மாநகராட்சி ஊழியர்களும் ஒரே நிலைமையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வதால் குழப்பம் ஏற்படுகிறது. பொதுச் சொற்பட்டியலும் பயிற்சிச் சான்றிதழும் தருவதாக ஒரு நிறுவனம் பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் பகுதி காவல் ஆய்வாளரும் தீயணைப்பு நிலைய அலுவலரும் மாநகராட்சிப் பொறியாளரும் கண்ணால் பார்த்திராத பட்டியல், எவ்வளவு வழவழப்பான தாளில் அச்சிடப்பட்டிருந்தாலும், மழை நாளில் எதற்கும் உதவாது. ‘மாவட்ட நிர்வாகத்தின் அங்கீகாரம் உண்டு’ என்று சொல்லி வருபவரிடம் அந்த ஆணையின் எண்ணையும் தேதியையும் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் விற்கும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சாலையில் வண்டிகளை நிறுத்தும் அதிகாரம் எந்தத் தன்னார்வலருக்கும் வந்துவிடாது, வழக்குதான் வரும்.

உங்களுக்கு வேண்டியவை பத்துப் பன்னிரண்டு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் கண்ணால் உறுதி செய்யக்கூடிய அடையாளம் இருக்க வேண்டும். கண்மாய் (ஏரி) நிரம்பியதும் உபரி நீர் வெளியேறக் கட்டப்பட்ட கலுங்கின் மேல் தண்ணீர் வழிந்தால் ‘மறுகால்’, கரையில் ஊறி வந்தால் ‘கசிவு’, கரை மண் அறுத்துக்கொண்டு தண்ணீர் வெளியேறினால் மட்டுமே ‘உடைப்பு’. மறுகால் பாய்வதைப் பார்த்த ஒருவர் ‘கண்மாய் உடைந்துவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் போட்டால், மணல் மூட்டைகள் தேவையில்லாத இடத்துக்குப் போய்ச் சேரும்.

அரசு அளவு வகுத்துள்ள சொற்களை மாற்றாதீர்கள். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. வைகை அணையில் 66, 68.5, 69 அடிகளில் முறையே மூன்று கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை விடப்படுகிறது. ஆனால், இரண்டாம் கட்டம் என்றால் கரையோரக் குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்று தெருவில் வந்து சொல்ல ஆளில்லை. கன அடிக் கணக்கை ஒலிபெருக்கியில் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆண்டுதோறும் பருவமழை ஆய்வுக் கூட்டம் நடத்தும் துறைகளால் இதை ஒரே ஒரு பக்கத்தில் எழுதித் தர முடியாதா?

ஒரு விதிவிலக்கு உண்டு. 112, 108 எண்களை அழைக்கும்போது உங்கள் குழுச் சொற்களைப் பேசாதீர்கள். மறுமுனையில் இருப்பவர் உங்கள் கண்மாயையோ கலுங்கையோ பார்த்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. தெருப்பெயர், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி, தண்ணீர் முழங்கால் அளவா இடுப்பளவா, சிக்கியவர்கள் எத்தனை பேர், அவர்களில் நடக்க முடியாதவர் உண்டா என்று வெறும் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். ‘இரண்டாம் நிலை உடைப்பு’ என்று சொன்னால், அது என்னவென்று விளக்குவதற்குள் நேரம் போய்விடும். பயிற்சி பெற்றவர்களே பதற்றத்தில் இப்படிப் பேசுவதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில், எல்லாத் துறையினரையும் ஒருமுறை சேர்த்து உட்காரவைக்கக் கோரி மனுக் கொடுங்கள். முடிவான பட்டியலில் அவர்களின் கையெழுத்தை வாங்கி, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுடன் ஒவ்வொரு தன்னார்வலரிடமும் கொடுத்துவிடுங்கள்.