வலியே இல்லை, உப்பு என்ன செய்துவிடும்?

கேள்வி: எனக்கு வயது 41. தட்டில் சாப்பாடு வந்ததும் ருசிகூடப் பார்க்காமல் மேலே உப்பைத் தூவிக்கொள்வேன், பல வருடப் பழக்கம். பிரஷர் நார்மல். வயிற்றில் வலியோ எரிச்சலோ கிடையாது. ஆனால் இப்படியே போனால் வயிற்றில் புற்றுநோய் வரும் என்று மனைவி பயப்படுகிறார். பிரஷருக்கு உப்பு ஆகாது, தெரியும். வயிற்றுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?

பதில்: உங்கள் மனைவியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. வலி இல்லை என்பதை வைத்து நீங்கள் நிம்மதியாக இருப்பதுதான் எனக்குக் கவலை, ஏனென்றால் இந்தப் பாதிப்பு வலிக்காமலேயே பல வருடம் நடக்கக்கூடியது.

இரைப்பையில் சுரக்கும் அமிலமும் நொதியும் சேர்ந்தால் இறைச்சியையே கரைத்துவிடும். அது நம் இரைப்பையையே கரைக்காமல் இருப்பது உட்சுவரில் படிந்திருக்கும் கோழைப் படலத்தால்தான். முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பானது, மிக மெல்லியது. உப்பு அதிகமான சாப்பாடு திரும்பத் திரும்ப உள்ளே போகும்போது இந்தப் படலம் சிதைகிறது, காப்பு இழந்த செல்களுக்குள் இருக்கும் நீரை அந்தச் செறிவான உப்பு வெளியே இழுத்துவிடுகிறது, செல்கள் வாடிச் சாகின்றன. காலியான இடத்தை நிரப்பப் பக்கத்துச் செல்கள் அவசர அவசரமாகப் பிரிகின்றன. ஒவ்வொரு தடவை பிரியும்போதும் டிஎன்ஏவை நகலெடுத்தாக வேண்டும், அந்த வேலை கூடக்கூடப் பிழை விழும் வாய்ப்பும் கூடும்.

அப்புறம் ஒரு கிருமி இருக்கிறது, ஹெலிகோபாக்டர் பைலோரி. பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். 1984-ல் ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் இந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி வந்ததைக் காட்டினார். 2005-ல் அவருக்கும், அவரோடு சேர்ந்து இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994-ல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் கிருமி என்று அறிவித்துவிட்டது. கிருமி உள்ள எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை, மிகச் சிலருக்குத்தான். ஆனால் கிருமி தங்கியிருக்கிற வயிற்றில் உப்பும் சேர்ந்தால் நிலைமை மோசமாகிறது: பரிசோதனைக்கூடத்தில் உப்பு கூடும்போது இந்தக் கிருமியின் சில வகைகள் தங்கள் நச்சுப் புரதத்தை அதிகமாகத் தயாரிக்கின்றன. அழற்சி நாள்பட்டால் சுரப்பிகள் தேயும், இரைப்பைச் செல்கள் குடல் செல்களைப் போல மாறத் தொடங்கும், அதற்கும் பல வருடம் கழித்துச் சிலருக்கு அது புற்றாகும்.

உங்கள் பழக்கத்தைப் பற்றியே ஓர் ஆய்வு 2024-ல் வந்தது. பிரிட்டனில் சுமார் 4.7 லட்சம் பேரைப் பதினோரு வருடம் போலத் தொடர்ந்து பார்த்ததில், மேலே எப்போதும் உப்புப் போட்டுக்கொள்பவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, போடாதவர்களைவிட சுமார் 41 சதவீதம் அதிகமாக இருந்தது. பயந்துவிடாதீர்கள், அத்தனை பேரில் மொத்தம் 640 பேருக்குத்தான் அந்த நோய் வந்தது. இப்படிப்பட்ட ஆய்வு உப்புதான் காரணம் என்று தனியாக நிரூபித்துவிடாது, ஆனாலும் உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்திய உணவுகளைப் பற்றிய ஆய்வுகளும் பெரும்பாலும் இதே திசையைத்தான் காட்டுகின்றன.

சரி, என்ன செய்யலாம்? முதலில் உப்புக் கிண்ணத்தை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், சமையலில் சேர்வதும் பாக்கெட்டில் வருவதும் இதற்குள்தான் அடக்கம். சில வாரம் சப்பென்றுதான் இருக்கும், பிறகு நாக்கு பழகிவிடும். உங்கள் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து கிருமி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மாத்திரையிலேயே ஒழிக்கலாம். எடை குறைந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டாலோ எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: தூள் உப்புக்குப் பதில் கல் உப்புக்கு மாறினால் வயிற்றுக்கு நல்லதா?

பதில்: இல்லை. தூளோ கல்லோ, வெள்ளையோ இளஞ்சிவப்போ, எல்லாம் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், எடைக்கு எடை ஒன்றுதான். சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பும் கிடைக்கிறது, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகைப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.