எல்லாம் செய்கிறேன், சந்தோஷம் மட்டும் இல்லையே?

கேள்வி: பாறசாலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வயது 46. கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். தினமும் நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசம். பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்கும் நான்தான் செயலாளர். கீழ்ப்படிந்தால் நிலையான சந்தோஷம் வரும் என்கிறார்கள். எனக்கு அலுப்புத்தான் வருகிறது. மாமியாரின் வளையலை யார் எடுப்பது என்பதில் நாத்தனாரோடு பேச்சு நின்று ரொம்ப நாளாகிறது, அது வேறு விஷயம். எனக்கே தெரியாத பாவம் ஏதாவது தடையாக இருக்குமோ? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புள்ள சகோதரி, தெரியாத பாவத்தைத் தேடி அலைகிறீர்கள். தெரிந்த ஒன்றை 'வேறு விஷயம்' என்று ஓரமாக வைத்துவிட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதத்தில் எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிந்தது.

யோவான் 15ஆம் அதிகாரத்தை எடுங்கள். என் கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, கைக்கொண்டால் என் அன்பில் நிலைத்திருப்பீர்கள் என்கிறார் இயேசு. என் சந்தோஷம் உங்களில் நிலைத்திருக்கவே இதைச் சொன்னேன் என்கிறார் 11ஆம் வசனத்தில். பிரசங்கங்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். எந்தக் கற்பனை என்று 12ஆம் வசனத்தில் அவரே சொல்கிறார்: ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள். நாலு மணி ஜெபமும் செயலாளர் பொறுப்பும் நல்ல காரியங்கள்தான். ஆனால் அந்த வசனத்தில் அவர் கேட்டது அவற்றை அல்ல.

பிலிப்பி ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தில் இன்னும் உங்களுக்கென்றே எழுதியது போல ஓரிடம் உண்டு. 'கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்ற வசனம் நம் பக்கத்தில் காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் வரும். அது 4ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனம். பவுல் அதை எழுதியது காவலில் இருந்தபோது. அதற்கு இரண்டே வசனத்துக்கு முன்னால் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களைப் பெயர் சொல்லி, ஒரே சிந்தையாயிருங்கள் என்று புத்திசொல்கிறார். இருவரும் சாதாரணப்பட்டவர்கள் இல்லை, சுவிசேஷத்துக்காக அவரோடு பாடுபட்டவர்கள். உங்களைப் போலச் சபைக்கு உழைத்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். என்ன சண்டை என்று அவர் எழுதவில்லை. வளையலாகவும் இருந்திருக்கலாம்! அந்த நிருபம் சபையில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்பட்டபோது அந்த இருவரின் முகம் எப்படி இருந்திருக்கும்?

கீழ்ப்படிந்ததற்குக் கூலியாகச் சந்தோஷம் வரும் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்களுக்கு நட்டாலம் தூரமில்லை. அந்த ஊர் நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர், கஷ்டத்தில் மனம் நொந்திருந்த காலத்தில் டிலனாயிடமிருந்து, எல்லாவற்றையும் இழந்தும் தேவனை விடாத யோபுவின் கதையைக் கேட்டார். குளச்சல் போரில் பிடிபட்ட அதே டச்சுத் தளபதிதான். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். அதன்பின் அவருக்குக் கிடைத்தது வசதி அல்ல. உத்தியோகம் போனது, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 2022இல் அவரைப் புனிதராக அறிவித்தது. சபை வேறாக இருந்தாலும் நம் எல்லைப்பக்கத்தில் அவரை அறியாத வீடு குறைவு. லாபக்கணக்குப் பார்த்திருந்தால் அவர் முதல் வருஷமே திரும்பிப் போயிருப்பார்.

இன்னொன்று. உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், ஒரே மரத்தைத் தினமும் வெட்டுவாரா என்று. ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வெட்டுவார். மிஞ்சி வெட்டினால் பட்டமரப்பு வந்து பால் நின்றுவிடும் என்று அவரே சொல்வார். நீங்களோ ஒருநாளும் விடாமல் உங்களை வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஓய்வுநாளும் ஒரு கற்பனைதான் அம்மா. செயலாளர் நோட்டை ஒரு வருஷம் வேறொருவர் எழுதட்டும், சங்கம் மூழ்கிவிடாது. அதற்குப் பிறகும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

நாத்தனார் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டாம். உபவாசத்தில் இருந்தால் அவர் போடும் சாயாவைக் குடிக்க முடியாது, அதுவே புது வருத்தமாகிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் போங்கள். வேதாகமத்தைக் கையில் எடுத்துப் போகாதீர்கள், புத்திசொல்ல வந்திருக்கிறாள் மைனி என்று நினைத்துவிடுவார். வளையல் நியாயத்தை முதல் நாளே எடுக்காதீர்கள். பிள்ளைகளைக் கேளுங்கள், முட்டுவலியைக் கேளுங்கள், 'இத்தனை நாள் வராதது என் தப்பு' என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். வளையல் அவருக்கே போவதானால் போகட்டும் என்று உங்களால் சொல்ல முடியுமா என்பதை, போவதற்கு முன்பே கணவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நாத்தனார் முகம் கொடுக்கவில்லை என்றால் ஒரு மாதம் கழித்து இன்னொருமுறை போங்கள்.