கனமானது மூழ்கும் என்றே எழுதுகிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன், 40 குழந்தைகள். மிதப்பது, மூழ்குவது எல்லாம் செய்தே காட்டினேன். ஆனாலும் தேர்வில் 'கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும்' என்றே எழுதுகிறார்கள். நான் அறிவியல் படித்தவளும் இல்லை, பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் தடுமாறுகிறேன்.

பதில்: அவர்கள் கவனிக்காமல் எழுதவில்லை டீச்சர். கல் மூழ்குவதையும் இலை மிதப்பதையும் உங்களிடம் வருவதற்கு முன்பே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள், அதை ஒரு பீரியடில் அழிக்க முடியாது. நீங்கள் காட்டியதும் அநேகமாகக் கல்லும் இலையும்தான், இல்லையா? அது அவர்கள் எண்ணத்தை இன்னும் கெட்டியாக்கத்தான் செய்யும்.

பொருளை மாற்றுங்கள். தடிமனான மெழுகுவர்த்தி ஒன்று, சின்ன இரும்பு ஆணி ஒன்று. கையில் வாங்கிக் கனம் பார்க்கட்டும், எது மூழ்கும் என்று கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைப் போர்டில் எழுதிவிட்டு, அப்புறம் தண்ணீரில் போடுங்கள். (குண்டூசி வேண்டாம், படுக்கைவாட்டில் மெதுவாக விழுந்தால் பரப்பு இழுவிசையால், அதாவது தண்ணீரின் மேற்பரப்பு மெல்லிய தோல் மாதிரி தாங்குவதால், மிதந்து உங்களை மாட்டிவிடும்.) அடுத்து ஆரஞ்சு. தோலோடு மிதக்கும், உரித்துப் போட்டால் பெரும்பாலும் மூழ்கும், இத்தனைக்கும் கனம் குறைந்திருக்கிறது! வகுப்பு கத்தும், கத்தட்டும்.

40 பேருக்கும் தனித்தனியாகப் பொருள் தேட வேண்டாம், முன்னால் ஒரு வாளி போதும்.

கஷ்டமான வேலை இனிமேல்தான். "ஏன்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு விநாடி. அதை 3 விநாடி ஆக்கியதும் பதில்கள் நீளமாயின, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

உங்களுக்கான விடை இது: ஒரு பொருள், அதே அளவு இடத்தை அடைக்கும் தண்ணீரைவிடக் கனமாக இருந்தால் மூழ்கும். ஆரஞ்சுத் தோலில் நிறையக் காற்று இருப்பதால் முழுப் பழம் தப்பிக்கிறது. அடர்த்தி என்ற சொல்லை இப்போது எடுக்காதீர்கள், மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள், அவ்வளவுதான். கப்பல் எப்படி மிதக்கிறது என்று ஒருவன் கேட்பான், கட்டாயம் கேட்பான். "வா, பார்த்துவிடலாம்" என்று களிமண் உருண்டையை அவன் கையிலேயே கொடுத்து, கிண்ணம் மாதிரி குழித்து மிதக்கவிடச் சொல்லுங்கள்.

தேர்வுக் கேள்வியையும் மாற்றுங்கள். 'எது மூழ்கும்?' வேண்டாம். 'மெழுகுவர்த்தி மிதந்தது, ஆணி மூழ்கியது, நீ முதலில் என்ன நினைத்தாய்?' என்று கேளுங்கள்.