எடுத்த ரத்தத்தை எப்படியும் சோதிக்கத்தானே போகிறார்கள், பிறகு எதற்கு ரத்ததானப் படிவத்தில் இத்தனை கேள்விகள்?

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்த காலத்திலிருந்து ரத்ததான முகாம்களில் பதிவு மேசையில் உட்கார்ந்து வருகிறேன். இந்தக் கேள்வியைச் சிலர் வாய்விட்டே கேட்டுவிடுவார்கள். மற்றவர்கள் எதையும் படிக்காமல், 'இல்லை' என்ற கட்டங்களில் மேலிருந்து கீழ்வரை மளமளவென்று டிக் போட்டு நீட்டிவிடுவார்கள். பரீட்சையில் போல, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதும் பையன்களும் உண்டு.

சோதிப்பது உண்மைதான். நம் நாட்டில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஐந்தையும் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் கிருமி உடம்புக்குள் நுழைந்த மறுநாளே சோதனையில் சிக்காது. வழக்கமான எலைசா சோதனையில் எச்.ஐ.வி. தெரியச் சில வாரங்கள் ஆகும். 'நாட்' என்ற புதிய முறையில் அந்த இடைவெளி குறையும், அறவே போய்விடாது; அதுவும் எல்லா ரத்த வங்கியிலும் கிடையாது. அந்த இடைவெளியில் ஒருவர் கொடுத்த ரத்தம் 'நெகட்டிவ்' என்றுதான் வரும். சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்தால் ஒரு பை மூன்று நோயாளிகள் வரை போகும். இதைத் தடுக்க நம் கையில் இருப்பது அந்தப் படிவமும், அதில் நீங்கள் எழுதும் உண்மையும்தான்.

சோதனையும் மனிதர்கள் செய்வதுதானே. 2018 டிசம்பரில் சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி நினைவிருக்கலாம். வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில்தான் ரத்தம் கொடுத்த இளைஞருக்கே விஷயம் தெரிந்தது. அவராகவே ரத்த வங்கிக்குச் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது.

'இலவசமாக எச்.ஐ.வி. டெஸ்ட் ஆகிவிடும்' என்று முகாமுக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. காசில்லாமல், ரகசியமாகப் பார்த்துச் சொல்வார்கள்.

கேள்விகளில் பாதி உங்களுக்காகவும்தான். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். பல முகாம்களில் விரல் நுனியில் குத்தி, வரும் ஒரு சொட்டை மயில்துத்தக் கரைசலில் விடுவார்கள். நீல நீரில் அந்தச் சிவப்புச் சொட்டு விறுவிறுவென்று அடியில் போய் உட்கார்ந்தால் சரி. மேலேயே தயங்கி நின்றால் அன்றைக்கு ரத்தம் எடுக்க மாட்டார்கள். இந்தக் கட்டத்தில் திரும்பிப் போகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். கூட வந்த கூட்டம் 'உனக்கு ரத்தமே இல்லையாமே' என்று கிண்டல் அடிக்கும். அதைக் கண்டுகொள்ளாமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை இருப்பதே பலருக்கு இப்படித்தான் தெரிய வருகிறது. சனிக்கிழமை விரதம் என்று வெறும் வயிற்றோடு வருபவர்களை நானே சாப்பிட அனுப்பிவிடுவேன். ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் என்ற இடைவெளியும் உங்கள் இரும்புச்சத்து தேறி வருவதற்காகத்தான்.

என் அனுபவத்தில் முகாமைவிட ஆஸ்பத்திரியில்தான் பொய் அதிகம். சித்தப்பாவுக்கு ஆபரேஷன், இரண்டு யூனிட் கட்டியாக வேண்டும், வாசலில் சொந்தபந்தமே நிற்கிறது. போன மாதம் டாட்டூ போட்டதையோ, மஞ்சள் காமாலை வந்து போனதையோ, அதைவிட அந்தரங்கமானதையோ அந்தக் கூட்டத்தின் முன் எப்படிச் சொல்வது? அங்கே சொல்லவே வேண்டாம். ரத்தம் எடுக்கும் முன் மருத்துவரோ ஆலோசகரோ பேசுவார்கள். அவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள், போதும். 'இன்றைக்கு இவரிடம் எடுக்க முடியாது' என்பதைத் தாண்டி உறவினரிடம் அவர்கள் காரணம் சொல்லக் கூடாது.

அப்புறம், சோதனை முடிவில் கோளாறு இருந்தால் தெரிவிக்கலாமா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். அதற்கு 'ஆம்' போட்டு, எடுத்துப் பேசக்கூடிய போன் நம்பரை எழுதுங்கள். அவசரத்தில் ஒன்பது இலக்கத்தோடு நிறுத்திவிட்டுப் போகிறவர்களை நான்தான் வாசல்வரை துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது.