அடைப்புக்குறிக்குள் காணாமல் போகும் 1

கேள்வி: 12x³y − 18x²y² + 6x²y என்பதைக் காரணிப்படுத்தச் சொன்னால், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் 6x²y(2x − 3y) என்று எழுதுகிறாள். நோட்டில் சிவப்பு மையில் சுழித்து வருகிறது. எங்கே பிசகு?
– வாசகி, கோத்தகிரி

பதில்: பொதுக் காரணியைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். 12, 18, 6 மூன்றையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் 6. x-இன் அடுக்குகள் 3, 2, 2. இவற்றில் சிறியதை எடுக்க வேண்டும், ஆகவே x². x³ எடுத்தால் மற்ற இரண்டும் வகுபடாது. y-க்கும் இதே கணக்கு.

கோட்டை விட்டது கடைசி உறுப்பில். 6x²y-ஐ 6x²y-ஆல் வகுத்தால் 1 வரும், 0 அல்ல. முழுவதையும் வெளியே எடுத்தாச்சே, உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். விடை 6x²y(2x − 3y + 1). கோவையில் மூன்று உறுப்பு என்றால் அடைப்புக்குறிக்குள்ளும் மூன்று இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தாலே போதும்.

சரிபார்க்க x = 2, y = 3 என்று போடட்டும். கோவை 288 − 648 + 72 = −288. சரியான விடை 72 × (−4) = −288. அவள் எழுதியது −360 தரும். தயவுசெய்து 1-ஐப் போட்டுச் சரிபார்க்க வேண்டாம். 1-க்கு எந்த அடுக்கு போட்டாலும் 1 தானே, அடுக்கில் செய்த தப்பு வெளியே தெரியாது.

கேள்வி: இதையெல்லாம் படமாகப் பார்க்க வழி உண்டா?
– வாசகர், பூம்பாறை

பதில்: உங்கள் ஊர்ப் பூண்டுப் பாத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் பரப்பு 6x², மற்றொன்று 15x. இரண்டுக்கும் அகலம் 3x என்றால் நீளங்கள் 2x, 5. ஒன்றையடுத்து ஒன்றாகச் சேர்த்தால் 3x அகலமும் 2x + 5 நீளமும் உள்ள ஒரே பாத்தி. 6x² + 15x = 3x(2x + 5) என்பது இதுதான். அகலத்தை x என்று மட்டும் எடுத்தால் x(6x + 15). தப்பில்லை, ஆனால் உள்ளே இன்னும் 3 பொதுவாகக் கிடக்கிறது. வேலை முடியவில்லை.

கேள்வி: 3x(x − 2) − 5(2 − x) இதில் பொதுவாக எதுவுமே இல்லையே?
– மாணவர், குன்னூர்

பதில்: இருக்கிறது, குறி மாறி நிற்கிறது. 2 − x = −(x − 2). மைனஸும் மைனஸும் சேர்ந்து பிளஸ் ஆகும்: 3x(x − 2) + 5(x − 2). இப்போது பொதுக் காரணி (x − 2). விடை (x − 2)(3x + 5). குறியை மாற்ற மறந்தவர்கள்தான் (3x − 5) என்று எழுதுகிறார்கள்.